ஸ்டியரிங் சொன்னபடி கேட்க வேண்டும்

பெங்களூரில் யஷ்வந்த்பூர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பெரிய லாரி நிலையம் உண்டு. அதன் அருகே ஒரு பட்டறை. ஒரு நாள் காலை, பழைய லாரி ஒன்று அங்கே வந்து நின்றது. அதன் சொந்தக்காரரே ஓட்டுநர். அவருக்கு வயது 50.

"என்ன அண்ணே, முகம் வாடியிருக்கு?" என்று மெக்கானிக் கேட்டார்.

"மங்களூரிலேர்ந்து வர்றேன் தம்பி. சிராடி மலைப்பாதையில ஒரு வளைவு. எதிரே பஸ். ஸ்டியரிங்கைச் சுத்துறேன், சுத்துறேன், வண்டி திரும்பலை. ஒரு சாண் இடைவெளியில தப்பிச்சோம். கிளீனர் பையன் பக்கத்துல தூங்கிட்டிருந்தான். ஏதாவது ஆகியிருந்தா அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

ஓட்டுநர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சேர்த்து வைத்த பணம் அதில் இருந்தது.

"சீக்கிரம் திரும்புற ஸ்டியரிங் பெட்டி இருக்காமே. அதைப் போட்டுக் கொடு."

"போடலாம் அண்ணே. முதல்ல வண்டியைப் பார்ப்போம்" என்றார் மெக்கானிக்.

கடிகாரக் கணக்கு

லாரியின் முன்சக்கரங்கள் நேராக நின்றன. எஞ்சின் ஓடவில்லை. கிளீனர் கீழே நின்று சக்கரத்தைப் பார்த்தான். மெக்கானிக் ஸ்டியரிங்கை மெல்ல அசைத்தார். ஸ்டியரிங் அசைந்தது. சக்கரம் அசையவில்லை. இந்த வெற்று ஆட்டத்தைத்தான் 'பிளே' என்கிறார்கள்.

கடிகாரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். 12-இலிருந்து 1 வரை உள்ள தூரம் 30 டிகிரி. ஸ்டியரிங்கில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. இது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. அந்த லாரியிலோ ஆட்டம் 12-இலிருந்து 2 வரை இருந்தது. அதாவது 60 டிகிரி.

"அண்ணே, உங்க பெட்டி மெதுவா திரும்புறது வேற. இந்த ஆட்டம் வேற. புதுப் பெட்டி போட்டாலும் இந்த ஆட்டம் முழுசாப் போகாது" என்றார் மெக்கானிக்.

லாரிக்கு அடியில் போய்ப் பார்த்தார்கள். டை ராடின் முனைகள் தேய்ந்திருந்தன. டிராக் லிங்க் முனையும் தேய்ந்திருந்தது. பெட்டியைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது.

"பெட்டி மேல இருக்கிற திருகை இறுக்கினா போதாதா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"அளவுக்கு மேல இறுக்கினா, வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானாத் திரும்பி வராது. பெட்டியும் தேயும்."

வேகப் பெட்டி என்றால் என்ன?

ஸ்டியரிங் பெட்டிக்குள் மரை போட்ட தண்டு இருக்கிறது. நாம் ஸ்டியரிங்கைச் சுற்றினால் அந்தத் தண்டு சுற்றும். அது பெட்டிக்கு வெளியே உள்ள டிராப் ஆர்மைக் கொஞ்சமாகத் திருப்பும். டிராப் ஆர்ம் சக்கரத்தைத் திருப்பும்.

ஒரு பெட்டியில் 24-க்கு 1 என்று கணக்கு இருக்கட்டும். ஸ்டியரிங் 24 டிகிரி சுற்றினால் டிராப் ஆர்ம் 1 டிகிரி திரும்பும். டிராப் ஆர்ம் 90 டிகிரி திரும்ப ஸ்டியரிங்கை 6 சுற்று சுற்ற வேண்டும். 18-க்கு 1 உள்ள பெட்டியில் நாலரைச் சுற்று போதும். இதுதான் வேகப் பெட்டி.

ஆனால் சுற்று குறைந்தால் பாரம் கூடும். முன்பு கையில் 3 கிலோ பலம் போட்ட இடத்தில் இப்போது 4 கிலோ போட வேண்டும். சுமை ஏற்றிய லாரியில் தோள் தாங்காது. அதனால்தான் வேகப் பெட்டியோடு பவர் ஸ்டியரிங்கும் தேவைப்படுகிறது. அதில் எஞ்சின் ஒரு பம்பை ஓட்டும். பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம் கைக்குத் துணை செய்யும்.

எஞ்சின் நின்றால் அந்தத் துணையும் நின்று விடும். ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருள விடுபவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது.

பெட்டி மாற்றும் முன்

1. உங்கள் லாரி மாடலுக்கு உரிய பெட்டிதானா என்று பாருங்கள். சில பெட்டிகள் டிராப் ஆர்மை எதிர்ப்பக்கம் திருப்பும். அதை மாட்டினால் வலது பக்கம் சுற்றும்போது லாரி இடது பக்கம் போகும்.

2. டிராப் ஆர்மைச் சூடாக்கி வளைக்கக் கூடாது. வெல்டு வைக்கக் கூடாது. ஒடிந்தால் சக்கரம் நம் கையில் இல்லை.

3. நட்டுகளில் ஸ்பிலிட் பின் போட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

4. வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

5. மாற்றிய பிறகு, காலி வண்டியை மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். பழைய பழக்கத்தில் சுற்றினால் வண்டி அதிகமாகத் திரும்பி விடும்.

அன்று நடந்தது

ஓட்டுநர் யோசித்தார். தேய்ந்த முனைகளை மட்டும் அன்று மாற்றச் சொன்னார். போல்ட்டுகளை இறுக்கினார்கள். சக்கரங்களின் நேரைச் சரி பார்த்தார்கள். மாலையில் ஆட்டத்தை மறுபடி அளந்தார்கள். 12-க்கும் 1-க்கும் நடுவிலேயே அது நின்றது.

ஓட்டுநர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "இப்ப சொன்ன பேச்சைக் கேட்குது தம்பி" என்றார்.

"தோள் வலிக்குப் பவர் ஸ்டியரிங் போட்டுக்கலாம் அண்ணே. உங்க மாடலுக்குக் கிடைக்குதான்னு விசாரிச்சு வைக்கிறேன். நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க."

கையில் மீதிப் பணம் இருந்தது. ஓட்டுநர் அதை மடித்துப் பையில் வைத்தார். கிளீனரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இனிமே வண்டி எடுக்கும் முன்னாடி நீ கீழே நிக்கணும். நான் ஸ்டியரிங்கை அசைப்பேன். சக்கரம் எப்ப அசையுதுன்னு நீ சொல்லணும்."

"சரி அண்ணே" என்றான் பையன்.

பதில் சொல்லுங்கள்

1. பிளே என்றால் என்ன?
2. 30 டிகிரியைக் கடிகாரத்தில் காட்டுங்கள்.
3. இறக்கத்தில் எஞ்சினை ஏன் நிறுத்தக் கூடாது?
4. 20-க்கு 1 உள்ள பெட்டியில், டிராப் ஆர்ம் 90 டிகிரி திரும்ப எத்தனை சுற்று வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.