வெறுங்காலுக்கு ஒரு தெரு: தீபக் கூட்டத்துக்குக் குடியிருப்பைத் தயார் செய்வது எப்படி?

பௌர்ணமி இரவு, பதினொன்றரை மணி இருக்கும். திருவண்ணாமலை மலையை வெறுங்காலில் வலம் வரும் செங்கம் சாலைக் கூட்டத்திலிருந்து எங்கள் தெருவுக்குள் ஒதுங்கிய ஒரு பாட்டி, வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த பேத்தி செல்போன் வெளிச்சம் காட்டினாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு ஜல்லிச் சில்லு. "ரோடு நல்லாத்தான்ப்பா இருந்துச்சு. இந்தச் சந்துக்குள்ள வந்தப்பதான் குத்திடுச்சு" என்றார். குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணும் ஜல்லியுமாக மூடிவிட்டுப் போன இடம் அது. செருப்புப் போட்ட காலோடு ஆறு மாதமாக அதைத் தாண்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அந்தச் சில்லிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்கள், தெருச் சங்கம் நடத்துகிறவர்கள், வார்டு உறுப்பினர்கள், புதிதாக மனைப்பிரிவு போடுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பெரிய விளையாட்டுப் போட்டிகளுக்குக் குடியிருப்புக் கட்டிய அனுபவம் நமக்கும் உதவும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவல் ஒரு கிராமத்தையே வடிவமைத்தார். ஏறத்தாழ 700 வீடுகள். வண்டிகள் ஓரத்தோடு நின்றுவிடும். உள்ளே சின்னச் சின்ன முற்றங்கள், அவற்றை இணைக்கும் நடைசந்துகள், சந்துக்குச் சந்து நுழைவாயில்கள். ராஜஸ்தானத்துப் பழைய ஊர்களின் சந்துகளை மனதில் வைத்துச் செய்த வேலை. வீரர்கள் போன பிறகு குடும்பங்கள் வந்து குடியேறின. நம் ஊரில் வரிசை தலைகீழ்: வீடுகள் முன்பே இருக்கின்றன, கூட்டம் மாதாமாதம் வருகிறது, கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கில் வருகிறது. அதனால் நமக்கு ஒரு வசதியும் உண்டு. ஒலிம்பிக் நடத்தும் ஊருக்கு முழுக் கூட்டத்தோடு ஒத்திகை பார்க்கக் கிடைக்காது. நமக்கு ஒவ்வொரு பௌர்ணமியும் ஒத்திகை.

முதல் வேலை: வெறுங்காலில் அளவெடுப்பது

ஒரு 30 மீட்டர் டேப், சாக்பீஸ், நோட்டுப் புத்தகம், இரண்டு பேர். செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடங்கள். ஒரு முறை சாதாரண நாளில் பகல் இரண்டு மணிக்கு, ஒரு முறை பௌர்ணமி நள்ளிரவில். பகலில் தார் எங்கே சுடுகிறது, எந்த மரத்தடியில் கால் ஆறுகிறது என்று தெரியும். இரவில் எந்த சாக்கடை மூடி ஆடுகிறது, எங்கே இருட்டு, எங்கே ஆள் நெருக்குகிறது என்று தெரியும். கால் தயங்கிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

பிறகு அகலம். பத்திரத்தில் எழுதியிருக்கும் அகலத்தை நம்ப வேண்டாம். எங்கள் தெரு பத்திரப்படி 20 அடி. இரு பக்கமும் வாசற்படியும் வண்டி ஏற்றும் சாய்வும் தலா 2 அடி. ஒரு பக்கம் பைக் வரிசை 6 அடி. எதிரே ஒரு கார், இன்னொரு 6 அடி. மிஞ்சியது 4 அடி. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 4 அடியைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. ஆம்புலன்ஸ் வர வேண்டுமென்றால் எந்த வழியாக வரும்?

நடக்கிறவர்களுக்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது 6 அடி, இருக்க வேண்டும் என்கின்றன இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதிகள். பிரிட்டனில் விளையாட்டு மைதானங்களுக்கென்று வைத்திருக்கும் 'கிரீன் கைடு' இன்னொரு கணக்குத் தருகிறது: சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர், படிக்கட்டில் 66 பேர். 6 அடி வழியில் சுமார் 147 பேர் வருகிறது. நம் கூட்டத்துக்கு நான் அதில் பாதிதான் எடுத்துக்கொள்வேன். குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர், நின்று சூடம் ஏற்றுபவர், முட்டி வலியோடு வரும் அம்மாக்கள் என்று நடை எப்போதும் தடைப்பட்டுத்தான் நகரும்.

வண்டியை முனையில் நிறுத்துவது

இதில்தான் சண்டை வரும். வரட்டும், பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. தெரு முனையிலோ பக்கத்திலோ இருக்கும் காலிமனையின் உரிமையாளரிடம் பௌர்ணமிக்கு இரண்டு இரவு மட்டும் இடம் கேளுங்கள். மனைக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு டோக்கன். நடந்து ஐந்து நிமிடத்துக்குள், சுமார் 400 மீட்டருக்குள், வண்டி இருந்தால் ஜனங்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் மறு பௌர்ணமிக்கு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளை முன்னாலேயே குறித்துக்கொண்டு அவர்களுக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள். புதிதாக மனை போடுகிறவர் என்றால் இந்த நிறுத்துமிடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கிவிடலாம். பகலில் அது பிள்ளைகள் விளையாடும் திடலாக இருக்கட்டும்.

தரை

பளபளக்கும் கிரானைட் வேண்டாம். கார்த்திகை மழைக்காலம், ஈரம் பட்டால் அது வழுக்கும். தூரிகையால் வரியிழுத்த சிமென்ட் தரையோ, சமமாகப் பதித்த பேவர் பிளாக்கோ காலுக்கு நல்லது. பேவர் பிளாக்கில் ஒரு கல் அமிழ்ந்தாலும் அதன் விளிம்பு நகத்தைப் பெயர்த்துவிடும், மாதம் ஒரு முறை பார்த்தாக வேண்டும். சாக்கடை சிலாப்பு ஒவ்வொன்றையும் மிதித்துப் பாருங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் அடியில் கலவை வைத்து மட்டம் செய்யுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்வு 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது. தெருவைத் தோண்டுகிறவர்கள் அடுத்த பௌர்ணமிக்கு முன் மூடி மட்டம் செய்து தர வேண்டும் என்று பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள்.

மரத்தை மறந்துவிடக் கூடாது. 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு நிறுத்தியது. பகலில் வலம் வருகிறவர்களின் கால் தாங்குவது அந்த நிழலால்தான். அகலம் தேவைப்பட்டால் முதலில் கடை நீட்டலையும் வண்டியையும் நகர்த்துங்கள். மரத்தில் கை வைக்காதீர்கள்.

தண்ணீர் வரும் வழி

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அதே மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். அந்த ஆண்டு மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை.

மலை 2,668 அடி. அதில் பெய்யும் மழை நம் தெருக்கள் வழியாகத்தான் ஏரிகளுக்கும் குளங்களுக்கும் போக வேண்டும். மழை பெய்யும்போது குடையோடு போய் எங்கே தண்ணீர் பாய்கிறது என்று கண்ணால் பார்த்து வரைபடத்தில் நீல வரி போடுங்கள். அந்த வரியின் மேல் நடைபாதை, கழிப்பறை, அன்னதானப் பந்தல் எதுவும் கூடாது. ஓடைக்குக் குறுக்கே பாதை போக வேண்டுமென்றால் தண்ணீர் அடியில் தாராளமாக ஓடும் கல்வெர்ட் வேண்டும். மலைச்சரிவில் புதுமனை என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், நடைபாதை வசதியோடு சேர்த்துக் காட்டினாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஊருக்குள்ளேயே, அவர்கள் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், மாற்று வீடு கேட்பதும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

சந்து வாய்

கிரிவலம் வருகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சாலையின் இடது ஓரமாக நடப்பது வழக்கம். மலையோரம் சித்தர்கள் நடக்கும் பக்கம் என்பது நம்பிக்கை. அதனால் கூட்டம் முழுவதும் வெளியோரத்தில், வீடுகளும் கடைகளும் சந்து வாய்களும் இருக்கும் பக்கத்தில் உரசிக்கொண்டு போகிறது. நெருக்கடி வந்தால் ஜனங்கள் ஒதுங்கும் இடமும் சந்து வாய்தான். சரியாக அந்த இடத்தில்தான் டீக்கடை பெஞ்சும் பொரிக்கடைத் தள்ளுவண்டியும் நிற்கும்.

கடைக்காரர்களை விரட்டச் சொல்லவில்லை, அந்த இரண்டு இரவுதான் அவர்களுக்கு மாதச் சம்பளம். சந்து வாயிலிருந்து 10 மீட்டர் தள்ளி அவர்களுக்குக் கோடு போட்டு இடம் கொடுங்கள். முட்டுச்சந்து என்றால் வாயிலேயே, வெளிச்சத்தில், பெரிய எழுத்தில் 'வழி இல்லை' என்று எழுதுங்கள், தெலுங்கிலும் சேர்த்து. ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் ஏராளம். ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் அடுத்து வருகிறவர்களைப் பக்கத்துச் சந்துக்குத் திருப்பிவிட வேண்டும். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே 11 பேர் இறந்தது வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில்தான்.

கழிப்பறை, தண்ணீர், திண்ணை

பெண்களுக்கான கழிப்பறை ஐந்து நிமிட நடைக்குள் வெளிச்சமான இடத்தில் இருக்கட்டும். வாசலில் ஒரு குழாய், கால் கழுவ ஒரு மேடை. வெறுங்காலோடு உள்ளே போய் வெறுங்காலோடு நடையைத் தொடர வேண்டியவர்கள் அவர்கள். அன்னதான வரிசை மனைக்குள்ளேயே வளையட்டும், சாலைக்கு வரக் கூடாது. எச்சில் இலைக்கும் தட்டுக்கும் வெளியேறும் வழியிலேயே தொட்டி. சாம்பார் சிந்திய இடத்தில் உடனே மண்ணோ மரத்தூளோ தூவ ஒரு ஆள். விளக்கு மரக்கிளைக்குக் கீழே, வெளிச்சம் தரையில் விழும்படி. ஒலிபெருக்கி இரவு பத்தோடு நிற்கட்டும். தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கிறது.

முடிந்தால் திண்ணையைத் திரும்பக் கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம் போதும். பௌர்ணமியன்று கால் வலிக்கிறவர்கள் உட்காரலாம், மற்ற நாட்களில் பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துக்கொள்வார்.

மாதம் ஒரு திருத்தம்

எல்லாவற்றையும் தீபத்துக்கு முந்தைய வாரத்தில் செய்ய நினைத்தால் எதுவும் நடக்காது. தை பௌர்ணமிக்கு அளவு, மாசிக்கு வண்டி, பங்குனிக்குத் தரை என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சித்ரா பௌர்ணமி கூட்டம் தீபத்துக்கு அடுத்தபடியானது, அதுவரை செய்ததை அன்று சோதித்துப் பாருங்கள். மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர்களுக்குக் காபி கொடுத்து, எங்கே குப்பை குவிந்தது, எங்கே கண்ணாடிச் சில் கிடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெருவை அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

எங்கள் தெருவில் அந்த ஜல்லிக் குழியைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டோம். சாக்பீஸ் வட்டங்கள் இன்னும் பதினேழு இருக்கின்றன.