பனியில் படுக்க இரண்டு பை

உத்தராகண்டின் கேதார்கந்தா சிகரத்துக்குக் குளிர்காலத்தில் ஏறுகிறவர்கள் வழியில் ஜூடா கா தாலாப் என்ற குளத்தின் பக்கம் கூடாரம் போடுவது வழக்கம். உயரம் சுமார் 9,100 அடி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே குளத்துத் தண்ணீரே உறைந்து கிடக்கும். ஊட்டி, கொடைக்கானலுக்கென்று வாங்கிய ஒற்றை ஸ்லீப்பிங் பேக் அந்தக் குளிருக்குத் தாங்காது. புதிதாக விலை உயர்ந்த பை வாங்காமல், இருக்கிற பைக்கு மேல் இன்னொன்றைச் சேர்த்தே சமாளிக்கலாம்.

முதல் வேலை தரையில். உடம்பின் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும். கதகதப்பைத் தருவது உள்ளே சிறைப்பட்ட காற்றுதான். நசுங்கினால் அது போய்விடும். அதனால் எத்தனை பை போட்டாலும் கீழிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது தரையில் விரிக்கும் மேட்தான். ஃபோம் மேட்டை விரித்து, அதன் மேல் காற்றடைத்த மேட்டைப் போடுங்கள். குளிரைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் 'ஆர்' மதிப்பு, இரண்டுக்கும் சேர்த்துக் கூடும்.

அடுத்து ஜோடி சேர்ப்பது. வெளிப்பை கட்டாயம் பெரிதாக, தொளதொளவென்று இருக்க வேண்டும். இறுக்கமான பைக்குள் திணித்தால் உள்பை உப்பாது. எடை சுமந்ததுதான் மிச்சம். வீட்டிலேயே இரண்டுக்குள்ளும் நுழைந்து புரண்டு பாருங்கள். தோளிலோ பாதத்திலோ பிடித்தால் அந்த ஜோடி வேண்டாம்.

இறகுப் பை ஒன்று, செயற்கை இழைப் பை ஒன்று இருந்தால் இறகு உள்ளே, செயற்கை வெளியே. உடம்பிலிருந்து கிளம்பும் ஈரம் வெளிப்புறக் குளிர்ந்த அடுக்கில்தான் நீராகப் படியும். நனைந்தால் இறகு படுத்துவிடும். செயற்கை இழை ஓரளவு தாங்கும்.

எவ்வளவு குளிர் தாங்கும்? தோராயக் கணக்கு ஒன்று உண்டு. 21-லிருந்து வெளிப்பையின் வெப்பநிலை அளவை (செல்சியஸில்) கழித்துப் பாதியாக்குங்கள். அதை உள்பையின் அளவிலிருந்து கழியுங்கள். உள்பை 0 டிகிரி, வெளிப்பை 10 டிகிரி என்றால், மைனஸ் 5.5 வரை சமாளிக்கலாம். பையில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணையே எடுங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்புவதற்கான எண், தூங்குவதற்கானது அல்ல.

படுக்கும் முன் இரண்டையும் உதறி உப்ப விடுங்கள். ஜிப் இரண்டும் ஒரே பக்கம் இருக்கட்டும். நடு இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது அருமை தெரியும். காய்ந்த காலுறையும் குல்லாவும் போதும், ஜாக்கெட் மேல் ஜாக்கெட் வேண்டாம். வெந்நீர் பாட்டிலை இறுக மூடி, துணி சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். மூச்சின் ஈரம் பையை நனைத்துவிடும். காலையில் வெயில் வந்ததும் இரண்டையும் பிரித்து உலர்த்துங்கள்.

மைனஸ் 10-க்குக் கீழே போகும் என்றால் இந்த வித்தை வேண்டாம். அந்தக் குளிருக்கென்றே செய்த ஒரு பையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.