பழைய காமிராவைச் சோதித்தல்

மாணவர்களே! வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய காமிரா இனிப் பயன்படுமா என்று நீங்கள் எண்ணியதுண்டோ? நம் நாட்டில் எளிய குடும்பத்தாரும் வாங்கிப் பயன்படுத்தியது அக்ஃபா கிளிக் 3 என்னும் பெட்டி. அதனைப் பரோடா நகரில் நியூ இந்தியா இண்டஸ்டிரீஸ் நிறுவனத்தார் செய்தனர். அதில் ஒற்றை வில்லையும் எளிய ஷட்டருமே உண்டு.

1901ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தார் வெளியிட்ட 120 எண் படச்சுருளையே இப்பெட்டியும் ஏற்கும். ஒரு சுருளில், ஆறு சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் விழும். 35 மில்லிமீட்டர் சுருளின் படத்தைவிட இதன் பரப்பு மூன்றரை மடங்குக்கும் மிகுதி. ஆகவே, வில்லை எளியதாயினும், பெரிதாக்காமல் அச்சிட்ட படத்திலும் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன.

உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. அவ்வாலை இன்று இயங்கவில்லை. அயல்நாட்டுச் சுருளையே வாங்கவேண்டும். பெட்டி மலிவு, சுருள் மலிவன்று. ஆதலின் சுருளை இடுமுன் பெட்டியை ஆராய்க.

காமிரா என்னும் இலத்தீன் சொல்லுக்கு அறை என்பது பொருள். ஒளி புகாத அறையில் ஓட்டை இருக்கலாகாதன்றோ? இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சிறு கைவிளக்கைப் பெட்டியினுள் வைத்து மூடிப் பாருங்கள். எங்கேனும் ஒளி கசிந்தால் அவ்விடத்தைக் கறுப்பு நாடாவால் ஒட்டுக. பின், முதுகுக் கதவைத் திறந்து, வானை நோக்கிப் பிடித்து, பத்துமுறை விசையை அழுத்துங்கள். கதிரவனை மட்டும் நோக்கற்க. ஒவ்வொரு முறையும் ஒளிவட்டம் தோன்றி மறைந்தால் ஷட்டர் நலமே.

வீட்டுப் பாட்டியாரைப் படமெடுப்பதே உங்கள் விருப்பமாயிருக்கலாம். முதற்சுருளில் அதனைச் செய்யவேண்டா. தேவதானப்பட்டி மாணவர்க்கு மஞ்சளாறு அணைப்பக்கம் ஏற்ற களம். வடக்கே கொடைக்கானல் மலை நிற்கும். கதிரவன் முதுகுப்புறம் இருக்க நின்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு அடித் தொலைவுகளில் கற்களை வைத்து, நடுங்காமல் எடுங்கள். ஒவ்வொன்றையும் ஏட்டில் குறியுங்கள். எடுத்தவுடன், பின்புறச் செந்நிறச் சாளரத்தில் அடுத்த எண் வருமளவும் சுருளைத் திருப்புக. மறந்தால் மலைமேல் மாட்டுவண்டி ஏறிவிடும்!

சுருளைக் கழுவி அச்சிட்டபின் ஏட்டோடு ஒப்பிடுங்கள். எட்டடிக் கல் மங்கிப் பன்னிரண்டடிக் கல் தெளிவாயிருந்தால், பாட்டியாரை வெளிச்சமான முற்றத்தில் அமர்த்தி, பன்னிரண்டடி அளந்து நில்லுங்கள்.