கம்பைல் பெயரை மாற்றும் முன்



2021-இல் வந்த ஸ்காலா 3-இல் @டார்கெட்நேம் என்றொரு வசதி உண்டு. ++= என்று நீ எழுதும் மெத்தட், கம்பைல் ஆனதும் கிளாஸ் ஃபைலில் $பிளஸ்$பிளஸ்$ஈக்யூ என்றுதான் இருக்கும். ஜாவாவில் எழுதுகிறவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். அதற்குப் பதில் @டார்கெட்நேம் மூலம் ‘அப்பெண்ட்’ என்று நல்ல கம்பைல் பெயராக வைக்கலாம். தாராளமாக வை. ஆனால் அந்த மெத்தடை வேறொருவர் ஓவர்ரைடு செய்யக்கூடும் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசி.

ஜேவிஎம் உன் சோர்ஸ் கோடைப் பார்ப்பதே இல்லை. கிளாஸ் ஃபைலில் உள்ள பெயர், பாராமீட்டர் வகைகள், திரும்பி வரும் வகை எல்லாம் அப்படியே பொருந்தினால்தான் ஓவர்ரைடு நடந்ததாகக் கொள்ளும். ‘பில்’ என்ற பேரண்ட் கிளாஸில் ‘மொத்தம்’ 1000 ரூபாய் தருகிறது. ‘தள்ளுபடிபில்’ என்ற சைல்ட் கிளாஸ் அதை ஓவர்ரைடு செய்து 900 தருகிறது. சைல்டில் மட்டும் கம்பைல் பெயரை மாற்ற விட்டால், ‘பில்’ வழியாக அழைப்பவருக்கு 1000தான் கிடைக்கும். எர்ரர் வராது, கிராஷ் ஆகாது.

அதனால்தான் ஸ்காலா கம்பைலர் இதைத் தடுக்கிறது. பேரண்டில் இல்லாத @டார்கெட்நேம் சைல்டில் இருக்கக் கூடாது. பேரண்டில் இருந்தால் சைல்டிலும் அதே பெயர் வேண்டும். கோட்லின் இன்னும் கறார்: ஓப்பன் மெத்தடுக்கு @ஜேவிஎம்நேம் வைக்கவே விடாது. எனக்கு அந்தக் கண்டிப்புதான் பிடிக்கும்.

எந்தக் கம்பைலரும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. நீ வெளியிட்ட லைப்ரரியின் அடுத்த வெர்ஷனில் ‘மொத்தம்’ மெத்தடின் கம்பைல் பெயரை மாற்றுகிறாய். அதை நம்பி சைல்ட் கிளாஸ் எழுதியவர், தன் பழைய ஜார் ஃபைலை மறுபடி கம்பைல் செய்யாமல் புது லைப்ரரியோடு ஓட்டுகிறார். லைப்ரரி புதுப் பெயரில் அழைக்கிறது. அவருடைய தள்ளுபடிக் கணக்கோ பழைய பெயரில் யாரும் தொடாமல் கிடக்கிறது. பேரண்டில் அது அப்ஸ்ட்ராக்ட் மெத்தடாக இருந்தால், அழைத்த கணமே அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்எர்ரர் விழும். அப்படி விழுந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். பேரண்டிலேயே கோட் எழுதியிருந்தால் வாடிக்கையாளர் நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டிவிட்டுப் போவார்.

ஆகவே @டார்கெட்நேம் வேண்டுமா என்பதை முதல் வெளியீட்டுக்கு முன்பே முடிவு செய். பிற்பாடு தேவைப்பட்டால் பழைய மெத்தடைத் தொடாதே; அதை அழைக்கும் ஃபைனல் மெத்தட் ஒன்றைப் புதுப் பெயரில் சேர். வெளியிடும் முன் மிமா என்ற ஸ்காலா கருவியை ஓட்டிப் பழைய ஜாரோடு ஒப்பிடு. உன்னை நம்பி எழுதியவரின் கோட் சத்தமில்லாமல் செத்துப்போக விட்டுவிடாதே, தம்பி.