மதகும் உயிரணுவும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

எங்கள் ஊராகிய புழலுக்குப் பெருமை அதன் ஏரி. சென்னையின் தாகம் தீர்க்கும் அந்த ஏரிக்குக் கரை எவ்வளவு தேவையோ, மதகும் அவ்வளவு தேவை. கரை உடைந்தால் நீர் வீணாகும். பெருமழையில் மதகு திறவாவிட்டால் கரைக்கே ஆபத்து. நம் உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய காவல் உண்டு.

உயிரணுக்கள் பிறப்பது போலவே இறப்பதும் இயற்கையே. தலைப்பிரட்டையின் வால் மறைவதும், கருவிலுள்ள குழந்தையின் விரல்கள் தனித்தனியே பிரிவதும் இதனால்தான். 1972-ஆம் ஆண்டு அறிஞர்கள் இதற்கு, இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'அப்பாப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர்.

உயிரணுவின் ஆற்றல் நிலையம் மைட்டோகாண்ட்ரியா. அதிலிருந்து 'சைட்டோகுரோம் சி' என்னும் பொருள் கசிந்தால் உயிரணு மடியும். அதைக் கசியவிடாமல் காப்பது 'பி.சி.எல்-2' என்னும் புரதம். பழுதுபட்ட அணுவை மடியச் செய்வது 'பி-53' என்னும் மற்றொரு புரதம்.

காவல் அளவு மீறினால் என்ன ஆகும்? இறக்க வேண்டிய அணு இறவாது; பழுதுகள் சேர்ந்து புற்றுநோயாக மாறலாம். பி.சி.எல்-2 அணுக்களைப் பெருக்குவதில்லை, சாகாமல் காக்கிறது என்பதை 1988-இல் ஆஸ்திரேலிய அறிஞர் டேவிட் வாக்ஸும் குழுவினரும் காட்டினர்.

மூப்பிலும் இதற்குப் பங்குண்டு. சில கிழட்டு அணுக்கள் பெருகுவதுமில்லை, இறப்பதுமில்லை. காவல் புரதங்களின் துணையால் தங்கி, அண்டை அணுக்களுக்கும் கேடு செய்கின்றன. அவற்றை நீக்கும் முயற்சி இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. ஆனால் பி.சி.எல்-2-ஐ அடக்கும் 'வெனிடோகிளாக்ஸ்' என்னும் மருந்து, ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இப்பாடத்தை நான் படிக்கக் காரணம் என் ஆயா. மார்பில் தோன்றிய கட்டியைப் பல மாதம் மறைத்து வைத்திருந்தார். "என்ன பாவம் செய்தேனோ, உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ" என்று அழுதார். "பாவமுமில்லை, ஒட்டுவதுமில்லை ஆயா. சாக மறந்த அணுக்கள், அவ்வளவுதான்" என்றேன். மறுநாளே அம்மாவுடன் மருத்துவரிடம் புறப்பட்டார். சிகிச்சை முடிந்து இப்போது நலமாக இருக்கிறார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையார் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே தொண்டாற்றினார். நோயை முன்னரே கண்டறிய வேண்டும் என்பதே அவர் ஓயாமல் வலியுறுத்தியது.

அன்புத் தோழியரே! இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் ஆயாவிடமும் அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். கட்டி எதுவாயினும் மறைக்க வேண்டாம். ஏரி நிரம்பித் தளும்பும்வரை காத்திருந்து மதகைத் தேடுவாருண்டோ?