இலுப்பைக் கொட்டை காத்திருக்காது: ஆனி மாத ஆலோசனை

மாசி, பங்குனியில் பூத்த இலுப்பை இப்போது பழுத்து உதிர்கிறது. நெல்லைப் போலக் குதிரில் போட்டுவைத்து, மழை வந்த பிறகு விதைக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஈரம் வற்றினால் இலுப்பைக் கொட்டையின் முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே போய்விடும். பொறுக்கிய வாரமே விதையுங்கள்.

பொறுக்கும்போது

பழத்தைப் பிதுக்கிச் சதையை நீக்கி, கொட்டையைக் கழுவி நிழலில் ஆறவிடுங்கள். வெயிலில் காயவைப்பது செக்குக்குப் போகும் கொட்டைக்குத்தான். பழந்தின்னி வௌவால் அடையும் மரத்தடியையும் பாருங்கள். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை அங்கே போட்டிருக்கும். கையுறையோடு பொறுக்கி, சோப்பால் கை கழுவுங்கள். வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது.

விதைக்கும்போது

ஆணிவேர் வேகமாக இறங்கும். குட்டைப் பையில் அது சுருண்டுகொள்ளும் என்பதால் உயரமான பையாக எடுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, கொட்டையை 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றிப் பூவாளியால் நீர் தெளியுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் முளை தெரியும். இளங்கன்றுக்குப் பாதி நிழல் போதும்.

நடும்போது

ஓராண்டுக் கன்றை அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் நடலாம். கண்மாய்க்கரை, கோயில் நிலம், தோப்பின் ஓரம் ஏற்றவை. மரத்துக்கு மரம் 8 மீட்டராவது விடுங்கள். ஆடு மேயாமல் முள் அடையுங்கள்.

யாருக்காக?

இரவில் மலரும் இலுப்பைப் பூவின் சதைப்பற்றான, தித்திக்கும் இதழ்க்கிண்ணத்தை வௌவால் இழுத்துத் தின்னும். சூலகம் காம்பிலேயே நின்று காயாகும். முகத்தில் ஒட்டிய மகரந்தம் அடுத்த மரத்துக்குப் போகும். பழக்காலத்தில் கொட்டையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவதும் அதே வௌவால்தான். காட்டோரங்களில் உதிர்ந்த பூவைத் தேடிக் கரடியும் வரும்.

இன்று ஊன்றும் கொட்டை பூக்கப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை வௌவாலுக்குப் பந்தி போடுவதும், நமக்கு விதை தருவதும் ஊரில் நிற்கும் பழைய இலுப்பைதான். பை நிரப்புவதற்கு முன், அந்த மரத்தை யாரும் விறகுக்குப் பேரம் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.