பழைய படகின் உண்மை எடை



சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி அதை விரலால் சுண்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். 'கணீர்' என்றால் பானை நல்லது. 'சொத்' என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது. பழைய மீன்பிடி படகு வாங்குவோருக்கும் இந்தப் பாட்டியின் இயற்பியல் பயன்படும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை ஊர்களுக்குக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்து சேர்ந்தன. பேச்சு வழக்கில் 'பைபர் படகு' என்போமே, அதுதான். பல ஆண்டுகள் உழைத்த பின் இத்தகைய படகுகள் கைமாறுகின்றன. வாங்கும் குடும்பம் நகையை அடகு வைத்துப் பணம் திரட்டுகிறது. படகோ புது வண்ணம் பூசிக்கொண்டு கரையில் நிற்கிறது. வண்ணத்தை நம்பலாமா?

கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த தகடு மரத்தைப் போல உளுத்துப் போவதில்லை. ஆனால் எஞ்சினைத் தாங்கும் பின்பலகையில் பெரும்பாலும் தகடுகளுக்கு இடையே மரம் இருக்கும். பல படகுகளில் தளத்திற்கு அடியில் நுரைப்பொருளும் அடைக்கப்பட்டிருக்கும். அந்த நுரை எதற்கு? தகட்டின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே அலை புகுந்து படகு நிறைந்தால், தகடு எஞ்சினோடு அடியில் போய்விடும். அதைத் தடுத்து, ஆட்கள் பற்றிக்கொள்ள இடம் தருவது நுரைதான். திருகாணித் துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் கசியும் நீர் இந்த மரத்தையும் நுரையையும் ஊறவைக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

முதலில் தட்டிப் பாருங்கள். ஒரு நாணயம் போதும். அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்திருக்கும் தகடு விறைப்பானது. அது விரைந்து அதிர்வதால் ஒலி கூர்மையாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் மேல்தோல் தளர்ந்து மெதுவாக அதிரும், ஒலி மந்தமாகும். ஆனால் எச்சரிக்கை! உள்ளே சட்டம் ஓடும் இடத்திலும் ஒலி மாறும். எனவே இடப்பக்கம் ஓரிடத்தில் தட்டினால், வலப்பக்கம் அதே இடத்திலும் தட்டி ஒப்பிட வேண்டும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. படகைத் தராசில் வைக்க முடியாது; கடலையே தராசாக்கலாம். ஒரே அச்சில் வார்த்த, நல்ல நிலையில் உள்ள இன்னொரு படகைத் தேடிப் பிடியுங்கள். இரண்டிலும் ஒரே வகை எஞ்சின் இருக்கட்டும். வலை, ஐஸ் பெட்டி, எரிபொருள் எல்லாவற்றையும் இறக்கி, அடியில் தேங்கிய நீரையும் இறைத்துவிடுங்கள். அலையற்ற நீரில், விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை நான்கு இடங்களில் அளந்து சராசரி காணுங்கள்.

பழைய படகு 3 செ.மீ. அதிகமாக அமிழ்ந்திருக்கிறது என்று கொள்வோம். நீர்மட்டத்தில் அதன் பரப்பு 8 சதுர மீட்டர் எனில், கூடுதலாக விலக்கிய நீர் 8 × 0.03 = 0.24 கன மீட்டர். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி கூடுதல் எடை 246 கிலோகிராம்! பழுது பார்த்த ஒட்டுகளும் பூச்சுகளும் இதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இவ்வளவு இருக்காது. எஞ்சியது உள்ளே ஒளிந்திருக்கும் நீர். படகு நிறைந்த வேளையில் கைகொடுக்க வேண்டிய மிதப்பில் அந்த அளவு முன்பே போய்விட்டது என்று பொருள்.

இரண்டு படகுகளையும் ஒரே நீரில் அளப்பது முக்கியம். 1,500 கிலோகிராம் எடையுள்ள இதே படகு ஆற்றின் நன்னீரில் கடலைவிட ஏறத்தாழ அரை செ.மீ. அதிகம் அமிழும். ஏன் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

திருகாணிகளைச் சுற்றித் துருக்கறை வழிந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'துருவேறா எஃகு' என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அதைக் காக்கும் மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத ஈர மரத்துக்குள் அதுவும் அரிக்கும்.

என் மாணவர் ஒருவர், தந்தையார் விலை பேசிய படகை இவ்வாறு அளந்தார். அணியம் சற்றே உயர்ந்தும், அமரம் 4 செ.மீ. தாழ்ந்தும் இருந்தது. உரிமையாளரின் இசைவோடு பின்பலகையின் உட்புறத்தில் சிறு துளை இட்டார்கள். கறுத்த ஈரத்தூள் வந்தது. தளத்தின் பின்பகுதியில் இட்ட துளையிலிருந்து நீரே கசிந்தது. உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவருக்கே இது தெரியாது. படகு முன்னைப்போல் ஓடவில்லை, டீசலைக் குடிக்கிறது என்று மட்டும் இரண்டு ஆண்டுகளாக எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாராம்.